ராஜாவுக்கு மேடை... தோழனுக்கு சமாதி... குதிரைக்கும் சமாதி! மற்ற வீரர்கள் எங்கே?

சிங்கவரம் மலையிலிருந்து செட்டிகுளம் வரை ஒரு சுற்று
(நமது நிருபர்)

செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி, "தேசிங்கு ராஜன் சமாதி எங்கே?" என்று நாலு பேரைக் கேட்டுப் பாருங்கள். நாலு பேரும் நாலு திசையைக் காட்டுவார்கள்!

"சிங்கவரம் மலை ஏறிப் போய் பெருமாளைக் கேளு தம்பி. எல்லாம் அங்கதான் ஆரம்பம்" என்றார் ஒரு பெரியவர்.

"கடலி பக்கம் போங்க சார். அங்கதான் சண்டை நடந்துச்சு" என்றார் டீக்கடைக்காரர்.

"செட்டிகுளத்தாண்ட மேடை இருக்கும், பாரு" என்றார் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா.

"கோட்டைக்குள்ள போனா எல்லாம் இருக்கே!" என்று கையைக் காட்டினார் ஆட்டோக்காரர்.

யார் சொன்னது சரி? வேடிக்கை என்னவென்றால், நாலு பேர் சொன்னதும் சரிதான்!

ஒரே நாளில், ஒரே சண்டையில் முடிந்த கதை இது. 1714-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி. 300 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நாளின் அடையாளம் செஞ்சியைச் சுற்றி நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. நாலையும் சுற்றி வந்தபோதுதான் ஒரு கேள்வி மனதைக் குடைந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சிங்கவரம் போவோம்.

முகம் திருப்பிய பெருமாள்!

செஞ்சிக்கு வடக்கே சுமார் 4 கிலோ மீட்டரில் இருக்கிறது சிங்கவரம். சின்ன ஊர். ஊருக்கு மேலே பாறை மலை. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஏறி முடித்ததும் ஒரு குகை. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து செய்த கோயில். உள்ளே ரங்கநாதர் படுத்திருக்கிறார். சுமார் 24 அடி நீளம். தனியாகச் செய்து வைத்த சிலை அல்ல. மலையோடு மலையாகச் செதுக்கியது.

பெருமாளின் முகத்தை உற்றுப் பார்த்தால் கொஞ்சம் ஒரு பக்கமாகத் திரும்பி இருப்பது போல இருக்கும். அதற்குத்தான் ஊரில் கதை சொல்கிறார்கள்.

தேசிங்கு ராஜன் தினமும் குதிரையில் வந்து இந்தப் பெருமாளைக் கும்பிடுவானாம். ஆற்காட்டு நவாபின் படை வருகிறது என்று சேதி வந்ததும் இங்கேதான் ஓடி வந்தானாம். "ரங்கநாதா! சண்டைக்குப் போறேன். உத்தரவு கொடு" என்று கேட்டானாம். பெருமாள் உத்தரவு கொடுக்கவில்லை. "இன்றைக்கு வேண்டாம்" என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக் கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை. போய்விட்டான். பெருமாளும் திருப்பிய முகத்தை மறுபடி திருப்பவில்லை!

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். சிற்பி செதுக்கியதே அப்படித்தான் என்று படித்தவர்கள் சொல்லலாம். பல்லவர் காலம் எங்கே, தேசிங்கு காலம் எங்கே? நடுவில் ஆயிரம் வருஷ இடைவெளி. ஆனால் ஒரு பையன் சாகப்போகிறான் என்று தெரிந்து சாமியே முகத்தைத் திருப்பிக் கொண்டது என்று ஒரு ஊர் சொல்கிறது என்றால், அந்தப் பையன் மேல் அந்த ஊருக்கு எவ்வளவு பாசம் இருந்திருக்க வேண்டும்!

ஆமாம், பையன்தான். சாகும்போது தேசிங்குக்கு வயது 22 என்கிறார்கள்.

தகராறு எதனால்?

தேசிங்கின் நிஜப் பெயர் தேஜ் சிங். ரஜபுத்திரர். பந்தேலா வம்சம். தமிழ்நாட்டுக்காரர் அல்ல. இவருடைய தகப்பனார் சொரூப் சிங்கை 1700-ல் அவுரங்கசீப் பாதுஷா செஞ்சிக் கோட்டைக்கு அதிகாரியாக அனுப்பினார். அதற்கு ரெண்டு வருஷம் முன்னால், 1698-ல்தான், பல வருஷ முற்றுகைக்குப் பிறகு மராட்டியரிடமிருந்து இந்தக் கோட்டையை மொகலாயப் படை பிடித்திருந்தது.

1714-ல் சொரூப் சிங் இறந்தார். மகன் வந்து கோட்டையில் உட்கார்ந்தார். அங்கேதான் வந்தது வினை. "உன் அப்பன் கட்டாமல் விட்ட கிஸ்தி பாக்கி 70 லட்சம் ரூபாய். எடுத்து வை" என்று ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் தரப்பிலிருந்து ஆள் வந்தது. "இந்தக் கோட்டை டில்லி பாதுஷா எங்களுக்குக் கொடுத்தது. நடுவில் நீ யார் கேட்க?" என்றது தேசிங்கு தரப்பு. "பழைய பாதுஷா காலம் போச்சு. புது பாதுஷாவின் உத்தரவு எங்கே?" என்றது நவாப் தரப்பு.

ஆக, வரி பாக்கி தகராறு! இன்றைக்கானால் நோட்டீசு, வாய்தா, அப்பீல் என்று போயிருக்கும். அன்றைக்குக் கத்தி பேசியது.

வெள்ளத்தில் பாய்ந்த குதிரைகள்!

இனி ரெண்டாவது திசை. கடலி, தேவனூர் பக்கம்.

நவாப் படையில் 8 ஆயிரம் குதிரை வீரர்கள், 10 ஆயிரம் காலாட்கள் என்று வரலாற்றுப் புத்தகங்களில் கணக்கு இருக்கிறது. தேசிங்கிடம் இருந்தது சுமார் 350 குதிரைகள். கோட்டைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கலாம். மொகலாயப் படையே எட்டு வருஷம் வெளியே காத்துக் கிடந்த கோட்டை அல்லவா இது! தேசிங்கு அப்படி இருக்கவில்லை. வெளியே வந்தான்.

ஆற்றில் வெள்ளம். குதிரையை விட்டான் தண்ணீரில்! கூட வந்தவர்களில் சுமார் நூறு பேர்தான் பின்னாலேயே பாய்ந்து அக்கரை சேர்ந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பாக்கிப் பேர் இக்கரையில் நின்றுவிட்டார்கள்.

நூறு பேர் எங்கே, 18 ஆயிரம் பேர் எங்கே! ஆனாலும் யானை மேல் இருந்த நவாபை நோக்கியே குதிரையை விட்டான் தேசிங்கு. குண்டு பாய்ந்தது. விழுந்தான். கதை முடிந்தது.

பெரிய எழுத்து கதைப் புத்தகத்தில் இப்படி இருக்காது. அதில் தோழன் செத்ததைக் கேட்டு மனம் உடைந்த தேசிங்கு, தன் கத்தியை ஆகாயத்தில் எறிந்து, அது திரும்பி வரும்போது மார்பில் ஏந்திச் செத்தான் என்று வரும். யார் கையாலும் சாகாத வீரன் என்று காட்டக் கதைக்காரர் செய்த வேலை அது. துப்பாக்கிக் குண்டுக்கு வீரனும் கோழையும் ஒன்றுதான் என்பதைக் கதை கேட்கிற ஜனம் ஒத்துக்கொள்ளாது!

கல்யாணப் பந்தலிலிருந்து வந்த தோழன்

தோழன் யார்? அவர்தான் மகமத்கான். ஏட்டிலே மகபத்கான். கதையிலே மோவுத்துக்காரன்.

இவர் வழுதாவூரில் இருந்தார். அன்றைக்கு இவருக்குக் கல்யாணம்! சேதி வந்தது: "நண்பா, சண்டை வந்துவிட்டது." மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிரை ஏறினார் என்கிறது கதை. வந்தார், சண்டை போட்டார், செத்தார். தேசிங்கு ரங்கநாதரைக் கூப்பிட்டவர். மகமத்கான் அல்லாவைத் தொழுதவர். எதிர்த்து நின்ற நவாபும் முஸ்லிம்தான். மதத்தைப் பார்த்திருந்தால் மகமத்கான் அந்தப் பக்கம் நின்றிருக்க வேண்டும். அவர் நண்பனைத்தான் பார்த்தார்.

அவருக்குக் கடலி பக்கம் சமாதி இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே நீலாம்பூண்டி என்று ஒரு ஊர். அங்கே இன்னொரு சமாதியைக் காட்டுகிறார்கள். அது ஒரு குதிரையின் சமாதி!

கதைப் புத்தகத்தில் தேசிங்கின் குதிரைக்குப் பாராசாரி என்று பெயர். தோழனின் குதிரைக்கு நீலவேணி. டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையைச் சிறு பையன் தேசிங்கு அடக்கிப் பரிசாகப் பெற்றான் என்று கதை ஓடும். நீலாம்பூண்டியில் அடங்கியிருப்பது தேசிங்கு ஏறிய குதிரைதான் என்று ஊர் சொல்கிறது. நீலவேணியால்தான் நீலாம்பூண்டி என்று பெயர் வந்தது என்றும் சொல்கிறார்கள். எந்தக் குதிரையாக இருந்தால் என்ன? ஒரு வாயில்லா ஜீவன் செத்ததை 300 வருஷமாக ஒரு ஊர் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது. இது சாதாரண விஷயமா?

பெயர் இல்லாத ராணி

மூன்றாவது திசை செட்டிகுளம்.

செஞ்சிக் கோட்டைப் பகுதியில் இருக்கிற குளம். அதன் கரையில் ஒரு மேடை. தேசிங்கின் உடலைக் கொண்டுவந்து இங்கேதான் எரித்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். உடல் எரிந்ததால் கல்லறை கிடையாது. மேடைதான் மிச்சம்.

அந்தச் சிதையில் இன்னொரு உயிரும் போனது. அவன் மனைவி. கல்யாணம் ஆகி அதிக காலம் ஆகாத பெண் என்கிறார்கள். உடன்கட்டை ஏறினாள்.

அந்தக் காலத்து ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். இன்றைக்கு நமக்கு வயிறு பற்றுகிறது. உடன்கட்டை ஏறுவதை 1829-ல் வங்காளத்தில் வெள்ளைக்காரக் கவர்னர் ஜெனரல் பெண்டிங் சட்டம் போட்டு நிறுத்தினார். அடுத்த வருஷம் நம்ம மெட்ராஸ் மாகாணத்திலும் நிறுத்தினார்கள். செஞ்சிப் பெண்ணுக்கு அந்தச் சட்டம் நூறு வருஷத்துக்கு மேல் லேட்!

ஜெயித்த நவாபுக்கே மனசு கலங்கிவிட்டதாம். ஆற்காட்டுக்கு எதிரே, பாலாற்றின் மறுகரையில், அந்தப் பெண்ணின் ஞாபகமாக ஒரு ஊரையே ஏற்படுத்தினார் என்பார்கள். அதுதான் ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைகளுக்குப் பேர் போன ஊர். 2019-ல் தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது.

ஒரு மாவட்டமே அவள் ஞாபகம். சரி, அவள் பெயர் என்ன?

ராணிபாய் என்கிறது கதைப் புத்தகம். ராணி என்றாலும் ராணிதான், பாய் என்றாலும் மரியாதைச் சொல்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் எங்கே போனது? மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்தவளுக்குச் சொந்தப் பெயர் மிஞ்சவில்லை!

ஜெயித்தவர் கட்டிய மசூதி

நாலாவது திசை கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து வளைத்த மதில். உள்ளே கல்யாண மகால், நெற்களஞ்சியம், குதிரை லாயம், வெங்கட்ரமணர் கோயில். கோயிலுக்குப் பக்கத்தில் சாதத்துல்லா கான் மசூதி. செஞ்சியை ஜெயித்ததற்கு அடையாளமாக 1717-18 வாக்கில் கட்டியது.

ஜெயித்தவர் கல்லில் கட்டினார். தோற்றவனுக்கு ஒரு மேடை. ஆனால் யார் பெயர் நின்றது பாருங்கள்! வேலூர், விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் போய் "சாதத்துல்லா கான் யார்?" என்று கேளுங்கள். முழிப்பார்கள். "தேசிங்கு யார்?" என்று கேளுங்கள். பாட்டாகவே பாடிக் காட்டுகிறவர்கள் உண்டு. கூத்துக்காரரும் பெரிய எழுத்துப் புத்தகம் விற்றவரும் செய்த வேலை அது. 1960-ல் எம்.ஜி.ஆர். "ராஜா தேசிங்கு" படத்தில் நடித்த பிறகு கேட்கவா வேண்டும்!

குடைகிற கேள்வி இதுதான்!

நாலு திசையும் சுற்றியாயிற்று. இப்போது அந்தக் கேள்வி.

ராஜாவுக்கு மேடை இருக்கிறது. தோழனுக்குச் சமாதி இருக்கிறது. குதிரைக்கும் இருக்கிறது. ராணிக்கு ஒரு ஊர். நவாபுக்கு ஒரு மசூதி.

தேசிங்கு பின்னாலேயே வெள்ளத்தில் பாய்ந்தார்களே நூறு பேர்... அவர்கள் எங்கே?

அவர்களும் யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளைகள்தானே! பந்தேலாக்காரர்களும் இருந்திருக்கலாம், செஞ்சிப் பக்கத்து ஆட்களும் இருந்திருக்கலாம். ஆற்றங்கரையில் நின்று, "இது சாவுக்குப் போகிற வழி" என்று தெரிந்தே குதிரையை விட்டவர்கள். ஒருவர் பெயராவது தெரியுமா? கதையிலும் இல்லை, கல்லிலும் இல்லை. எந்த வயல் வரப்புக்குக் கீழே கிடக்கிறார்களோ!

அவர்கள் மட்டுமா? இந்த மலைகளைச் சுற்றிச் செத்தவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. 1677-ல் சிவாஜி வந்து பிடித்தார். பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து அடைக்கலம் புகுந்தார். 1690 தொடங்கி 1698 வரை மொகலாயர் முற்றுகை. 1750-ல் ஒரே ராத்திரியில் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஏறிப் பிடித்தார். 1761-ல் ஆங்கிலேயர் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் கைக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் இருந்த பத்து வருஷத்தில் கத்தியால் செத்ததைவிடக் காய்ச்சலில் செத்த வெள்ளைச் சிப்பாய்கள் அதிகம் என்று பழைய எழுத்தாளர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாரீசிலோ வேறெங்கோ பிறந்தவன் செஞ்சிக் காய்ச்சலில் செத்தான். அவன் பெயரும் இங்கே இல்லை.

புஸ்ஸி பெயர் இருக்கிறது. ஸ்மித் பெயர் இருக்கிறது. தலைவன் பெயர் எங்கேயும் இருக்கும். தலைவன் பின்னால் போனவன் பெயர்தான் மண்ணோடு போகும்.

நந்தம்பாக்கத்தில் ஒரு பாடம்

"அதெல்லாம் அந்தக் காலம். சிப்பாய் பெயரை யார் எழுதி வைப்பார்கள்?" என்று கேட்கலாம்.

சென்னையில் நந்தம்பாக்கம் போய்ப் பாருங்கள். பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் மெட்ராஸ் போர்க் கல்லறை இருக்கிறது. ரெண்டாம் உலகப் போரில் செத்த 856 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்க் கல்லறைகளில் கிடந்தவர்களை, அங்கெல்லாம் கடைசி வரை பராமரிக்க முடியாது என்று, 1952-ல் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். வரிசை வரிசையாகக் கல். ஒவ்வொன்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. முதல் உலகப் போரில் செத்து, வெவ்வேறு ஊர்க் கல்லறைகளில் கிடக்கிற ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் பெயரையும் தனியாக ஒரு நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்துக்கொள்வது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-ல் ஆரம்பித்தது. அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. பதவி பார்க்கக் கூடாது! ஆபீசருக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்பது கிடையாது. செத்த பிறகு எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல்.

"நம்ம ஆட்களை எரித்துவிடுவார்களே, கல்லறைக்கு எங்கே போவது?" என்றும் கேட்கலாம். அதற்கும் வழி கண்டார்கள். பர்மாவில் ரங்கூன் பக்கம் டாக்கியான் கல்லறையில், அவரவர் மத வழக்கப்படி எரிக்கப்பட்ட ஆயிரம் பேருக்கு மேற்பட்டவர்களுக்காகத் தனி நினைவுச் சின்னம் உண்டு. உடலே கிடைக்காமல் போனவர்கள் சுமார் 27 ஆயிரம் பேரின் பெயரைத் தூண்களில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் இந்தியர்கள் ஏராளம். உடம்பு இல்லாவிட்டாலும் பெயர் நிற்கும்!

நாய்க்கும் பெயர் எழுதிய நாடு இது!

வெள்ளைக்காரன்தான் இதைக் கண்டுபிடித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நம்ம ஆட்கள் 1,400 வருஷத்துக்கு முன்னாலேயே செய்தார்கள்.

செஞ்சியிலிருந்து மேற்கே திருவண்ணாமலை தாண்டிப் போனால் செங்கம் பகுதி. நடுகற்களுக்குப் பேர் போன இடம். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டு, யார் ராஜா, எந்த வருஷம், செத்தவன் பெயர் என்ன என்று வெட்டி வைத்தார்கள். செத்தவன் ராஜா அல்ல, மந்திரி அல்ல. மாட்டு மந்தையைக் காத்தவன்!

எடுத்தனூரில் கிடைத்த நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்மப் பல்லவன் காலம். அதில் வீரன் கருந்தேவகத்தியின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். கோவிவன்! எஜமானோடு நின்று ரெண்டு திருடர்களைக் கடித்ததாம். அந்த நாயின் பெயர் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? சிங்கவரம் பக்கத்திலேயே இருக்கிறது திருநாதர்குன்று. பாறையில் 24 தீர்த்தங்கரர்களை ரெண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே சந்திரநந்தி என்ற சமண முனிவர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டார். பெயரையும் எழுதி, எத்தனை நாள் என்ற எண்ணிக்கையையும் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து வரலாற்றிலேயே மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று அது.

ஆக, சாமியாரின் பெயர் தெரியும். மாடு காத்தவன் பெயர் தெரியும். நாயின் பெயரும் தெரியும். வெறும் 300 வருஷத்துக்கு முன்னால் ஆற்றில் பாய்ந்த நூறு பேர் பெயர் தெரியாது. எழுதி வைக்கிற வழக்கத்தை நடுவில் எங்கேயோ தொலைத்துவிட்டோம்!

இனிமேல் என்ன செய்யலாம்?

போன பெயர் போனதுதான். இனி யாரும் கண்டுபிடித்துத் தரப்போவதில்லை. ஆனால் இருப்பதையாவது காப்பாற்ற வேண்டாமா?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. மராட்டியர்களின் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில். தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்றுதான். இனி பஸ் பஸ்ஸாக ஜனம் வரும். வெளிநாட்டுக்காரரும் வருவார். டிக்கெட் வாங்குவார், ராஜகிரி ஏறுவார், போட்டோ எடுப்பார், போய்விடுவார்.

கடலிக்கும் நீலாம்பூண்டிக்கும் யார் போவார்? மகமத்கானின் சமாதியும் குதிரையின் சமாதியும் கோட்டை மதிலுக்கு வெளியே, தூரத்தில் கிடக்கின்றன. உள்ளூர்க்காரர் வழி காட்டினால்தான் போக முடியும். அந்த உள்ளூர்க்காரருக்கும் வயதாகிக்கொண்டே போகிறது.

கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பஸ் நிலையத்தில் ஒரு பலகை: சிங்கவரம் இந்தப் பக்கம், கடலி இந்தப் பக்கம், செட்டிகுளம் இந்தப் பக்கம் என்று. ஒவ்வொரு இடத்திலும் தமிழில் நாலு வரி: இங்கே அடங்கியவர் யார், எப்போது, எப்படி என்று. நிஜ வரலாறு எது, கதை எது என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது. கதையையும் விட்டுவிட வேண்டாம். கதை இல்லாவிட்டால் தேசிங்கே மிஞ்சியிருக்க மாட்டான்!

இன்னும் ஒரு கல். ஆற்றங்கரையில், தேவனூர் பக்கம், நடுகல் மாதிரி ஒன்றே ஒன்று. அதில் பெயர் எதுவும் வேண்டாம். "1714 அக்டோபர் 3-ந் தேதி இங்கே தலைவன் பின்னால் ஆற்றில் இறங்கியவர்களுக்கு" என்று வெட்டினால் போதும். வருஷத்துக்கு ஒரு நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பூப் போடட்டும்.

மாலையில் திரும்பும்போது பஸ் நிலையத்தில் அதே டீக்கடை. "என்ன சார், சமாதியெல்லாம் பாத்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"பாத்தேண்ணே. கூடச் செத்தவங்க சமாதி மட்டும் எங்கன்னு தெரியலை" என்றேன்.

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் யோசித்தார். "அட ஆமா... அதை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதே இல்லையே!" என்றார்.

இனி செஞ்சிக்குப் போகிறவர்கள் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் ஒரு கல்லாவது வரும்!